“இலவச” ஆட்டம் காசைத் தின்கிறது! தள்ளுபடி ஆட்டம் மலிவாக முடிகிறது!

திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள பக்தஜனேசுவரர் கோவிலைத் தேடி வெளியூர் பக்தர்களும் வருகிறார்கள்.

இந்த ஊர்ப் பக்கத்திலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்தக் கிராமத்திலும் சரி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு திண்ணையில் ஒரு சத்தம் கேட்கும். டப், டப், டப்!

பட்டாசுச் சத்தம் அல்ல. செல்போனில் பையன்கள் சுடுகிற சத்தம்!

“இலவச கேம்தான் அப்பா! காசு கிடையாது” என்று பையன் சொல்வான். அப்பாவும் நம்பி விடுவார். சில மாதம் கழித்து பாங்குக் கணக்கைப் பார்த்தால், 89 ரூபாய், 159 ரூபாய் என்று துண்டு துண்டாகப் பணம் போயிருக்கும்.

இன்னொரு வகைச் சுடும் ஆட்டமும் இருக்கிறது. அதற்கு முதலிலேயே விலை உண்டு. ஆனால், ஒரு தடவை கொடுத்தால் போதும். ஆண்டில் சில தடவை அதைத் தள்ளுபடியிலும் விற்கிறார்கள். அப்பொழுது பாதி விலை, கால் விலை என்று இறங்கி விடும்.

காசு கொடுத்து வாங்குவதைக் கண்டால் பெற்றோர்கள் முகம் சுளிக்கிறார்கள். இலவசம் என்றால் தலையாட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தலைகீழ்!

பலூன் கடையும் பையன் மனசும்

சுடும் ஆட்டம் ஒன்றும் நேற்று வந்தது அல்ல. திருவிழாவுக்குப் போனால் பலூன் சுடும் கடை இருக்கும். பலகையில் வரிசையாகப் பலூன்கள். காற்றுத் துப்பாக்கியைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுட வேண்டும். பலூன் வெடித்தால் ஒரு சந்தோஷம். துப்பாக்கியின் குறி சற்று விலகி இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது தெரிந்தும் சுடுவார்கள்!

இத்தனை ரூபாய்க்கு இத்தனை குண்டு என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லி விடுவார். குண்டு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. பையன் மறுபடியும் சுட வேண்டும் என்று அழுதால், கேட்க வேண்டியது அப்பாவின் சட்டைப் பையைத்தான். அப்பா பக்கத்திலேயே நிற்கிறார்!

1990-களில் “டி.வி. கேம்” வந்தது. ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட “ஃபேமிகாம்” கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள் அவை. டெலிவிஷனில் மாட்டி, கேசட்டைச் செருகி ஆடினார்கள். கேசட்டின் மேல் “9999 ஆட்டங்கள்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே போனால் அதே பத்து இருபது ஆட்டங்கள் பெயர் மாறிப் பெயர் மாறி வரும்! இன்றைக்கு முப்பது, நாற்பது வயதில் இருக்கும் அப்பாக்களுக்கு இது நினைவில் இருக்கும்.

வாத்துச் சுடும் ஆட்டம் அதில் பிரசித்தம். 1984-ல் வந்தது. பிளாஸ்டிக் துப்பாக்கியை டெலிவிஷனுக்கு நேராகப் பிடித்துச் சுட்டால் வாத்து விழும். இது எப்படி என்று பல வீடுகளில் ஆச்சரியப்பட்டார்கள்.

ரகசியம் இதுதான். துப்பாக்கியில் இருந்து எதுவும் வெளியே வருவது இல்லை. குதிரையை இழுத்ததும் டெலிவிஷன் திரை ஒரு கண நேரம் முழுவதும் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் குழாய்க்குள் வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கருவி இருக்கிறது. அதில் வெள்ளை வெளிச்சம் பட்டால் குறி சரி. படாவிட்டால் குறி தப்பு. அதாவது துப்பாக்கி சுடவில்லை, பார்க்கிறது! பழைய பெட்டி டெலிவிஷனில்தான் இது வேலை செய்யும். இப்போதைய தட்டை டெலிவிஷனில் படம் ஒரு நொடியில் சிறு பங்கு தாமதமாக வருவதால் கணக்குத் தவறி விடும்.

கேசட்டுக்கு ஒரு தடவை காசு கொடுத்தார்கள். அதோடு சரி. பிறகு கேசட் காசு கேட்கவில்லை.

ஒரு நாணயம், ஓர் ஆட்டம்

ஜப்பானில் டைட்டோ என்ற கம்பெனியில் நிஷிகாடோ டோமோஹிரோ என்ற பொறியாளர் வேலை பார்த்தார். 1978-ல் அவர் “ஸ்பேஸ் இன்வேடர்ஸ்” என்ற ஆட்டத்தை உண்டாக்கினார். வானத்தில் இருந்து வேற்றுக்கிரகப் படை வரிசை வரிசையாக இறங்கி வரும். கீழே ஒரே ஒரு பீரங்கி. ஆடுகிறவர் அதை இடமும் வலமும் நகர்த்திச் சுட வேண்டும்.

எதிரிகள் குறையக் குறைய, மிச்சம் உள்ளவை வேகமாக ஓடி வரும். ஆடுகிறவருக்கு நெஞ்சு படபடக்கும். இந்த வேகம் முதலில் திட்டமிட்டு வந்தது அல்ல. படம் நிறைய இருந்தபோது அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் திணறியது. எதிரிகள் செத்துப் படம் குறைந்ததும் அது வேகம் பிடித்தது! நிஷிகாடோ அதைப் பார்த்தார். இதுவே சுவை என்று அப்படியே விட்டு விட்டார்.

ஜப்பான் முழுவதும் இந்த ஆட்டத்துக்குக் கடைகள் முளைத்தன. 100 யென் நாணயத்துக்கே நாட்டில் பஞ்சம் வந்து விட்டது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அது வெறும் கதைதான். ஆனால் கூட்டம் என்னவோ உண்மை.

நாணயம் போட்டு ஆடும் இந்த வகையைத்தான் “ஆர்கேட்” ஆட்டம் என்கிறார்கள். கடைக்காரருக்கு அடுத்த நாணயம் விழ வேண்டும். ஆகவே ஆட்டம் சில நிமிடத்தில் முடிய வேண்டும். அதற்காகக் கடினமாகச் செய்தார்கள். அநியாயமாகத் தோற்றால் ஆள் திரும்பி வர மாட்டான். ஆகையால், “நம் கை பிசகியது, அடுத்த தடவை பிடித்து விடலாம்” என்று தோன்றும்படியும் செய்தார்கள். கஷ்டம், ஆனால் நியாயம்! இந்த ஆட்டங்களுக்கு இன்னும் ரசிகர்கள் இருப்பதன் காரணம் இதுதான்.

ஒரே நாணயத்தில் முதலில் இருந்து கடைசி வரை ஆடி முடிப்பதை ரசிகர்கள் பெரிய விருதாக நினைக்கிறார்கள். அதற்குப் பல மாதம் பழகுகிறவர்கள் உண்டு. காசு அதிகம் கொட்டினால் இந்தப் பெயர் கிடைக்காது. கைப்பழக்கம் ஒன்றுதான் வழி.

இலவசத்தின் தந்திரம்

இப்போது திண்ணையில் ஆடும் செல்போன் ஆட்டத்துக்கு வருவோம்.

பப்ஜி என்ற சுடும் ஆட்டத்தை இந்திய அரசாங்கம் 2020 செப்டம்பர் 2-ந் தேதி தடை செய்தது. அன்று ஒரே உத்தரவில் 118 செயலிகள் போயின. பிறகு, அதே ஆட்டம் இந்தியாவுக்கு என்று பெயர் மாற்றி 2021 ஜூலையில் வந்தது. 2022 ஜூலையில் செயலிக் கடைகளில் இருந்து மறைந்தது. 2023 மே மாதம் மறுபடியும் வந்தது! அப்படி வந்தபோது, 18 வயதுக்கு உட்பட்டவர்கள் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆடக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். “ஃப்ரீ ஃபயர்” என்ற மற்றோர் ஆட்டம் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது.

தடை வந்ததற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. வீட்டுக் காசின் பாதுகாப்பைப் பற்றி அந்த உத்தரவு பேசவில்லை.

இந்த ஆட்டங்களை இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. உள்ளே போனதும் கடை விரித்திருப்பார்கள். துப்பாக்கிக்கு வண்ணப் பூச்சு வேண்டுமா? விலை. வீரனுக்குச் சட்டை வேண்டுமா? விலை. நடனம் ஆட வேண்டுமா? அதற்கும் விலை!

விலையை ரூபாயில் போட மாட்டார்கள். வைரம், தங்கக்காசு என்று அவர்களே ஒரு நாணயம் அடித்து வைத்திருப்பார்கள். முதலில் ரூபாய் கொடுத்து வைரம் வாங்க வேண்டும். பிறகு வைரம் கொடுத்துச் சட்டை வாங்க வேண்டும். சட்டைக்கு 60 வைரம் என்றால், அது எத்தனை ரூபாய் என்று பையனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. 50 வைரமும் 100 வைரமும் கட்டாக விற்பார்கள். 60 மட்டும் கிடைக்காது. மிச்சம் 40 கையில் நிற்கும். அதை வீணாக்காமல் இருக்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும்! இந்த எண்கள் விளக்கத்துக்குச் சொன்னவை. தந்திரம் மட்டும் நிஜம்.

அதைவிட மோசம், மூடிய பெட்டி. காசு கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்புக் குழு 2018-ல் சில ஆட்டங்களின் பெட்டிகளை ஆராய்ந்து, காசு வாங்கிக்கொண்டு இப்படிப் பெட்டி விற்பது சூதாட்டமே என்று முடிவு சொன்னது.

மாதம் 100 ரூபாய்தானே போகிறது என்று நினைக்கலாம். ஆண்டுக்கு 1,200 ரூபாய். மூன்று ஆண்டு ஆடினால் 3,600 ரூபாய். கையில் மிஞ்சுவது பொம்மை வீரனின் சட்டை!

அமெரிக்காவில் அடித்த அபராதம்

இது கிராமத்துப் பையனுக்கு மட்டும் நேர்கிற விஷயம் அல்ல. அமெரிக்காவிலும் பெற்றோர்கள் கதறினார்கள்.

அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் 2014-ல் ஆப்பிள் கம்பெனியைப் பிடித்தது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகள் ஆட்டத்துக்குள் வாங்கிய பொருள்களுக்காகக் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் கூகிள் கம்பெனி 1 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

பெரிய அடி 2022 டிசம்பரில் விழுந்தது. “ஃபோர்ட்நைட்” என்பது உலகப் பிரசித்தமான சுடும் ஆட்டம். அதுவும் இலவசம்தான்! அதை நடத்தும் எபிக் கம்பெனி மொத்தம் 52 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. இதில் 24 கோடியே 50 லட்சம் டாலர், ஆடியவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. பொத்தான்களைக் குழப்பமாக வைத்து, வேண்டாத பொருளையும் வாங்க வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கை தவறி ஒரு பொத்தானைத் தொட்டாலும் காசு போய் விடுமாம்! மிச்சத் தொகை, குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரைக் கேட்காமல் சேகரித்ததற்கு.

இலவச ஆட்டத்தில் 52 கோடி டாலர் அபராதம் கட்டும் அளவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் யோசித்தால் தெரியும்.

நம் நாட்டுச் சட்டம்

2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் ஆன்லைன் ஆட்டங்களுக்கு ஒரு சட்டம் போட்டது. ஆகஸ்ட் 20-ந் தேதி லோக்சபையிலும், 21-ந் தேதி ராஜ்யசபையிலும் நிறைவேறியது. 22-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார்.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை இந்தச் சட்டம் தடை செய்கிறது. அவற்றை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டிலும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான தனிச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கிடைத்தது. ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களின் கண்ணீருக்குப் பிறகு வந்த சட்டங்கள் இவை.

ஆனால், சுடும் ஆட்டத்தின் கதை வேறு. அதில் பையன் பணம் ஜெயிப்பது இல்லை, செலவழிக்கிறான்! பந்தயம் இல்லாத பொழுதுபோக்கு ஆட்டங்களுக்கு ஒரு தடவைக் கட்டணமோ, சந்தாவோ வாங்குவதை மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. சட்டை விற்பதும் நடனம் விற்பதும் ரம்மி போன்ற பந்தயம் அல்ல. ஆகவே, “புதுச் சட்டம்தான் வந்து விட்டதே” என்று பெற்றோர்கள் நிம்மதியாக இருந்து விட முடியாது. ரம்மிக்குப் போட்ட பூட்டு வைரக் கடையைப் பூட்டாது. அந்தப் பூட்டு வீட்டில்தான் போட வேண்டும்.

ஓலையைப் படித்தார்களா?

திருநாவலூர் சுந்தரர் கதையில் ஓர் ஓலை வருகிறது. கல்யாண மேடைக்கு ஒரு கிழவர் வந்தார். “நீ எனக்கு அடிமை. உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை இதோ” என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது நகல்தான், மூல ஓலை வேறே இருந்தது! திருவெண்ணெய்நல்லூரில் ஊர்ச்சபை கூடி அதைப் படித்துப் பார்த்து, வழக்கைத் தீர்த்தது. வந்தவர் சிவபெருமான். ஆகையால் அந்த அடிமைத்தனம் பெரும்பேறாக முடிந்தது.

ஆட்டக் கம்பெனியும் ஓர் ஓலை நீட்டுகிறது. “சம்மதம்” என்ற பொத்தான்தான் அது. அதைப் படிக்கிறவர் யார்? இங்கே வருகிறவரோ சிவபெருமான் இல்லை.

முழுவதும் படிக்காவிட்டாலும் ஒரே ஒரு வரியைத் தேடலாம். செயலிக் கடையில் ஆட்டத்தின் பெயருக்கு அருகே “ஆட்டத்துக்குள் வாங்கும் பொருள்கள் உண்டு” என்ற அர்த்தத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்கும். அது இருந்தால், இலவசம் என்ற சொல்லை நம்ப வேண்டாம். வாங்கும்போதெல்லாம் ரகசிய எண் கேட்கும்படி செல்போனில் ஏற்பாடு செய்யலாம். அந்த எண்ணைப் பையனிடம் சொல்லக் கூடாது. செல்லப் பையனாக இருந்தாலும் சரி!

ஆடித் தள்ளுபடி மாதிரி

சுடும் ஆட்டங்களை விலைக்கு விற்கும் பெரிய கடை “ஸ்டீம்”. அமெரிக்காவில் வால்வ் என்ற கம்பெனி நடத்துகிறது. கடை என்றால் கட்டிடம் இல்லை; கம்ப்யூட்டர் வழியாகத்தான் விற்பனை. விலையை ரூபாயிலேயே போடுகிறார்கள்.

நமக்கு ஆடித் தள்ளுபடி மாதிரி, அவர்களுக்குக் கோடைத் தள்ளுபடி உண்டு. ஜூன் கடைசி வாக்கில் தொடங்கும். டிசம்பர் கடைசியில் குளிர்காலத் தள்ளுபடி. நடுவிலும் சிறு தள்ளுபடிகள் வரும். 2023 செப்டம்பர் கடைசியில் இந்த வகைச் சுடும் ஆட்டங்களுக்கு என்றே ஒரு வாரம் விற்பனை நடத்தினார்கள்! பழைய ஆட்டம் என்றால் பாதி விலை சாதாரணம். 75 சதவிகிதம் குறைவதும் உண்டு.

ஜவுளிக் கடையில் ஒரு சேலை வாங்கப் போய் ஆறு சேலையோடு திரும்புகிறவர்கள் இல்லையா? அந்த வியாதி இங்கேயும் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று இருபது ஆட்டம் வாங்கி, ஒன்றைக்கூடத் திறக்காத ரசிகர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஒரு தள்ளுபடிக்கு ஓர் ஆட்டம் போதும். இந்த வகை ஆட்டத்தை நன்றாகப் பழகவே சில மாதம் ஆகும்.

வாங்கியது பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும். சேலைக் கடையில் இந்தச் சலுகை கிடையாது!

இன்னொரு சலுகை, கூட்டுக் குடும்பத்துக்கு. 2024 முதல், ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை தாங்கள் வாங்கிய ஆட்டங்களைப் பகிர்ந்துகொள்ள ஸ்டீம் வழி செய்திருக்கிறது. அண்ணன் வாங்கியதைத் தங்கை ஆடலாம். ஒரே பிரதியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட முடியாது. அண்ணன் எழுந்த பிறகுதான் தங்கை உட்கார வேண்டும். பிள்ளைகள் எத்தனை நேரம் ஆடலாம் என்று பெற்றோர்கள் அளவு வைக்கவும் அதில் இடம் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கேசட் மாதிரி இது சொந்தப் பொருள் ஆகாது. ஆடும் உரிமையை மட்டுமே தருகிறோம் என்று 2024 அக்டோபர் முதல் ஸ்டீம் வாங்கும் இடத்திலேயே எழுதிக் காட்டுகிறது. விற்கவும் முடியாது, அடுத்த வீட்டுக்கு இரவல் கொடுக்கவும் முடியாது.

எதை வாங்கலாம்?

டி.வி. கேம் ஆடிய அப்பாக்கள் முதலில் தேடுவது “கான்ட்ரா”வாகத்தான் இருக்கும். 1987-ல் ஜப்பானின் கொனாமி கம்பெனி உண்டாக்கியது. இரண்டு பேர் சேர்ந்து ஓடி ஓடிச் சுடுவார்கள். முப்பது உயிர் கிடைக்கும் ரகசியப் பொத்தான் வரிசையை மனப்பாடம் செய்தவர்கள், வாய்ப்பாட்டை மறந்தாலும் அதை மறக்கவில்லை! பழைய கான்ட்ரா ஆட்டங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பாக 2019-ல் வெளியிட்டார்கள். அப்பாவும் பையனும் சேர்ந்து ஆட நல்லது.

விமானம் ஓட்டிச் சுடும் ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு “1943”. கேப்காம் கம்பெனி 1987-ல் செய்தது. வேடிக்கை என்னவென்றால், செய்தவர்கள் ஜப்பானியர்கள். ஆட்டத்தில் ஓட்டுவதோ அமெரிக்க விமானம். மூழ்கடிப்பது ஜப்பானியக் கப்பல்களை! கேப்காம் தன் பழைய ஆட்டங்களின் தொகுப்பை 2021-ல் ஸ்டீமில் கொண்டு வந்தபோது, இதை மட்டும் மாதிரிக்கு இலவசமாகக் கொடுத்தது. ஜவுளிக் கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரியான இலவசம் இது. வைரக் கடை இலவசம் அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

வீட்டில் நான்கு பேர் சேர்ந்து ஆட “ஜேம்ஸ்டவுன்”. 2011-ல் அமெரிக்காவில் ஒரு சிறு குழு செய்தது. செவ்வாய்க் கிரகத்தில் வெள்ளைக்காரன் குடியேறியிருந்தால் என்ன ஆகும் என்ற கற்பனைக் கதை. ஒரே கம்ப்யூட்டரில் நான்கு பேர் ஆடலாம். ஒருவர் விழுந்தாலும் மற்றவர் பிழைத்திருந்தால், விழுந்தவர் திரும்பி வர வழி உண்டு. கை பழகாத அம்மாவும் தைரியமாகச் சேரலாம்.

அடுத்தது, குண்டு மழை ஆட்டங்கள். இந்த வகையில் பேர் பெற்றது ஜப்பானின் கேவ் கம்பெனி. திரை முழுவதும் பூக்கோலம் போட்ட மாதிரி எதிரியின் குண்டுகள் பரவி வரும். பார்த்தால், நுழையவே இடம் இல்லை என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம்! ஆடுகிறவரின் விமானம் பெரிதாகத் தெரிந்தாலும், அடி படும் இடம் நடுவில் ஒரு புள்ளி அளவுதான். இறக்கையில் குண்டு பட்டால் ஒன்றும் ஆகாது. அந்தப் புள்ளியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஊசிக் காதில் நூல் கோர்ப்பது மாதிரி நுழைந்து போக வேண்டும். வேகமாக ஆடுகிறவர் தோற்பார். நிதானமாக, சிறு சிறு அசைவாக ஆடுகிறவர் ஜெயிப்பார்.

புதியவர்களுக்கு இதில் “முஷிஹிமேசாமா” பொருத்தம். ஆர்கேட் கடையில் 2004-ல் வந்தது. ஸ்டீமில் 2015-ல் வந்தது. ஒரு பெண் வண்டின் மேல் ஏறிப் பறந்து, காட்டில் ராட்சசப் பூச்சிகளோடு போராடுகிறாள். ரத்தம் இல்லை, மனிதக் கொலை இல்லை. கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று எளிய முறையும் வைத்திருக்கிறார்கள்.

கை தேர்ந்த ரசிகர்களுக்கு “இகருகா”. 2001-ல் ட்ரெஷர் கம்பெனி செய்தது. அதில் விமானம் கறுப்பு, வெள்ளை என இரு நிறம் மாறும். வெள்ளையாக இருக்கும்போது வெள்ளைக் குண்டு உடம்பில் பட்டால் அது பலமாகச் சேரும். கறுப்புக் குண்டு பட்டால் சாவு. கறுப்பாக மாறினால் கணக்கும் மாறும். சுட்டுத் தள்ளுவதை விட யோசிப்பதுதான் அதிகம். சுடாமலே முன்னேறுகிறவர்களும் உண்டு! சதுரங்கம் ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இது பிடிக்கும். முதல் ஆட்டமாக இதை வாங்கித் தந்தால் மட்டும், பத்து நிமிடத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து விடும்.

அண்மைக் காலத்தில் வந்ததில் சிறந்தது “ஜீரோரேஞ்சர்”. பின்லாந்து நாட்டில் ஒரு சின்னஞ்சிறு குழு பல ஆண்டு உழைத்து 2018-ல் வெளியிட்டது. பச்சை, ஆரஞ்சு என்ற இரண்டு நிறங்களை வைத்தே அத்தனை படத்தையும் வரைந்திருக்கிறார்கள். தோற்கத் தோற்க ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வழி விடும். முடிவில் ஆடுகிறவரிடம் ஒரு பெரிய கேள்வி கேட்கும். அதை இங்கே சொன்னால் சுவை போய் விடும்.

எந்தக் கம்ப்யூட்டரில் ஆடுவது?

“இதற்கெல்லாம் லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வேண்டுமே?” என்று கேட்கலாம். வேண்டியது இல்லை.

2011 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் பள்ளிக்கூட, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அந்தப் பெட்டி பல வீடுகளில் பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடக்கிறது. இப்போதைய பெரிய சுடும் ஆட்டங்கள் அதில் நகரக்கூட நகராது. ஆனால் பழைய ஆர்கேட் ஆட்டங்கள் சின்னஞ்சிறு கருவிக்காக எழுதப்பட்டவை. அவற்றில் பல, ஓரளவு நல்ல நிலையில் உள்ள சாதாரண மடிக்கணினியில் ஓடும். அம்புக்குறிப் பொத்தான்கள் நான்கு, சுட ஒன்று, வெடிக்க ஒன்று. இவ்வளவுதான் வேண்டும்.

ஒவ்வோர் ஆட்டத்தின் விற்பனைப் பக்கத்திலும், குறைந்தபட்சம் எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதையும் வீட்டில் உள்ள பெட்டியையும் ஒப்பிட்ட பிறகே காசு கொடுக்க வேண்டும். மிகப் பழைய பெட்டி என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7, விண்டோஸ் 8 போட்ட கம்ப்யூட்டர்களுக்கு ஸ்டீம் ஆதரவை நிறுத்தி விட்டது. பீரோ மேல் இருக்கும் பெட்டியை இறக்கியதும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால், காசு வாங்காத “1943”-ஐ இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். அது ஓடினால் அந்த வயதுடைய மற்ற ஆட்டங்களும் ஓட வாய்ப்பு அதிகம்.